அப்பாவுக்கு ஆட்டோமேட்டிக் எதுக்கு?

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆடு அவிழ்த்துக்கிட்டு இருந்தேன். பெங்களூரிலிருந்து பையன் போன். சாப்பிட்டியா தூங்கினியா எல்லாம் இல்லை. "அப்பா, நான் அனுப்பின வண்டி பாத்தியா? ஆட்டோமேட்டிக். மேல ஆகிற காசை நான் போட்டுக்கறேன். இந்தக் காலத்துல இன்னும் எவன்பா கியர் வண்டி வாங்கறான்?"

எனக்கு வேணாம்டா, கியர் வண்டியே போதும் என்றேன். "நீ எப்பவுமே இப்படித்தான்" என்று போனை வைத்துவிட்டான்.

உன் வீட்டுச் சண்டையை ஏன்யா ஊருக்குச் சொல்றே என்று கேட்பீங்க. எங்க பக்கத்தில் போன ஒரு வருசத்தில் கார் வாங்கக் கிளம்பிய மூணு வீட்டில் இதே சண்டைதான். மூணு வீட்டிலும் வண்டியை ஓட்டப்போகிறவர் மலையில் இருக்கிறார். எந்த வண்டி என்று முடிவு பண்ணுகிறவர் சென்னையிலோ ஓசூரிலோ பெங்களூரிலோ இருக்கிறார். நான் எழுதுவதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் அப்படி அப்பா அம்மாவை ஊரில் விட்டுவிட்டு டவுனில் வேலை பார்க்கிற பிள்ளைகள்தான் என்று எனக்குத் தெரியும். உங்களுக்காகத்தான் இதை எழுதறேன். கோபம் வந்தால் வரட்டும்.

அஞ்சு லட்சத்தை ஒட்டிக் கார் வாங்குகிற மலைக்காரனுக்கு மேனுவல் கியர் வண்டிதான் பொருத்தமான வண்டி. காசு இல்லாததால் அவன் அதோடு திருப்திப்படுகிறான் என்று நீங்க நினைப்பது தப்பு. கூட அம்பது அறுபதாயிரம் கொடுத்து அவனை ஆட்டோமேட்டிக் வாங்க வைக்கிறது அவனுக்குச் செய்கிற உதவி என்று நினைப்பது அதைவிடப் பெரிய தப்பு.

முதலில் இங்கே கார் என்றால் என்ன என்று சொல்லணும். காவலூர் கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரம். வெளியூர்க்காரர்களுக்கு காவலூர் என்றால் டெலஸ்கோப்தான். 1986ல் திறந்த 2.3 மீட்டர் பெரிய தொலைநோக்கி இங்கேதான் இருக்கு. யுரேனஸுக்கு வளையம் இருக்கிறதை 1977ல் பார்த்த இடங்களில் இதுவும் ஒண்ணு. யுரேனஸ் வரைக்கும் பார்வை போகிற ஊரில் ராத்திரி ஒருத்தருக்கு நெஞ்சு வலித்தால் மலை இறங்கணும். ஆலங்காயம், அதுக்கு மேல் வாணியம்பாடி அல்லது திருப்பத்தூர், அதுக்கும் மேல் என்றால் வேலூர். பஸ் இருக்கு, ஆனா நோவு பஸ் நேரம் பார்த்து வராது. யார் வீட்டு வாசலில் வண்டி நிக்குதோ அந்த வீட்டுக் கதவைத்தான் தட்டுவாங்க. பிரசவ வலி, பாம்புக்கடி, பலா மரத்திலிருந்து விழுந்தது, எல்லாத்துக்கும். அதனால இங்கே ஒருத்தர் கார் வாங்கினால் அது பாதி தெருவுக்கும் சேர்த்து வாங்கினது. ஓனர் ஊரில் இல்லை என்றால் சாவியை வாங்கிக்கிட்டு பக்கத்து வீட்டுப் பையன் ஓட்டிக்கிட்டுப் போவான்.

அந்தப் பையன் எதில் கத்துக்கிட்டவன்? டிராக்டரில், சின்ன யானையில், பொலேரோ பிக்கப்பில். எல்லாம் கியர். மலையில் ஸ்டீயரிங் பிடிக்கத் தெரிந்த பத்துப் பேரில் பத்துப் பேரும் கிளட்ச் மிதிக்கத் தெரிந்தவர்கள். ஆட்டோமேட்டிக்கில் உட்கார வைத்தால் ரெண்டு நாளில் பழகிவிடுவான், சரி. ராத்திரி ரெண்டு மணிக்கு, பின்சீட்டில் ஒருத்தர் முனகிக்கிட்டு இருக்கும்போதா பழகுவான்? இடது கால் கிளட்சைத் தேடிப் போய் பிரேக்கை மிதிக்கும். பழக்கம் காலில் இருக்கு, மூளையில் இல்லை.

நான் ஆட்டோமேட்டிக்குக்கு எதிரி இல்லை. இருபது வருசமாக கியரே இல்லாத மொபெட்தான் ஓட்டறேன். சாமை மூட்டையும் புளி மூட்டையும் அதில்தான் இறங்கியிருக்கு. அந்த மொபெட்தான் எனக்குப் பாடமும் சொல்லிக் கொடுத்தது. இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டால் அது கிட்டத்தட்ட சும்மா உருளும். எஞ்சின் பிடிச்சு இழுக்காது. முழு பாரத்தையும் ரெண்டு பிரேக்தான் தாங்கணும். முன்னால் ஒரு மூட்டை, பின்னால் ஒரு மூட்டை வைத்துக்கிட்டு இறங்கினால் அடியில் போய்ச் சேரும்போது பிரேக் டிரம்மில் எச்சில் தொட்டு வைத்தால் சுர்ரென்கும். ஐம்பது கிலோ மூட்டைக்கே இந்தக் கதை.

இப்ப கார் கணக்குப் போடுங்க. சின்னக் கார், அஞ்சு பேர், கொஞ்சம் சாமான், எல்லாம் சேர்த்து 1,100 கிலோ. அது 300 மீட்டர் உயரம் இறங்கினால், பத்து லிட்டர் பச்சைத் தண்ணியைக் கொதிக்க வைக்கிற அளவு சூடு எங்கேயாவது போயாகணும். பத்தாவது அறிவியலில் நிலை ஆற்றல் என்று படித்ததுதான், புதுசு ஒண்ணும் இல்லை. ரெண்டாவது கியரில் இறங்கினால் அந்தச் சூட்டில் பெரும்பங்கை எஞ்சின் வாங்கிக்கிட்டு ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெளியே தள்ளிவிடும். பிரேக்கிலேயே காலை வைத்து இறங்கினால் முழுச் சூடும் முன்சக்கரத்து ரெண்டு டிஸ்க்குக்கும் பின்சக்கரத்து ரெண்டு டிரம்முக்கும் போகும். ரொம்பச் சூடானால் பேடு வழுக்க ஆரம்பிக்கும். பிரேக் ஆயில் கொதிச்சு உள்ளே ஆவி கட்டும். அப்புறம் பெடல் தரை வரைக்கும் போகும், வண்டி நிக்காது.

சனிக்கிழமை வானம் பார்க்க வருகிற வண்டிகள் இறங்கும்போது வளைவுகளில் ஒரு நாத்தம் வரும். ரப்பர் எரிகிற மாதிரி, ஆனா ரப்பர் இல்லை. பிரேக் பேடு. போன ஐப்பசியில் ஒரு குடும்பம் ரோட்டோரம் வண்டியை நிறுத்திவிட்டு நிற்கிறாங்க. நல்ல பெரிய வண்டி, ஆட்டோமேட்டிக், என் வீடு கட்டின செலவைவிட விலை கூட இருக்கும். முன்சக்கரத்திலிருந்து புகை. அந்தத் தம்பி தண்ணி பாட்டிலைத் திறந்து சக்கரத்தில் ஊத்தப் போனான். "ஐயோ தம்பி, ஊத்தாதே, சூட்டு டிஸ்க்கில் தண்ணி பட்டா கோணிக்கும், விரிசல் விடும். அரை மணி நேரம் சும்மா நிக்க விடு" என்று தடுத்தேன். அவங்க வீட்டம்மா பயந்து போயிருந்தாங்க. பெடல் பஞ்சு மாதிரி ஆயிடுச்சுங்க ஐயா என்றாங்க.

உட்கார்ந்து பேசிக்கிட்டு இருந்தோம். எந்தக் கியரில் இறங்கினீங்க என்று கேட்டேன். "டி-ல தாங்க" என்றான். எம் என்று ஒண்ணு இருக்கே, அதில் போட்டு ரெண்டாவதில் வைத்து இறங்கியிருக்கலாமே என்றேன். அது எதுக்கு என்றே எனக்குத் தெரியாதுங்க என்றான். மூணு வருசமாக ஓட்டுகிறவன். படிச்ச பையன், மரியாதையான பையன். அவன் மேல் எனக்குக் குறை இல்லை. வண்டியை விற்றவர்களும் சொல்லவில்லை, கத்துக் கொடுத்தவர்களும் சொல்லவில்லை.

நீங்க சொல்லப்போகிற பதில் எனக்குத் தெரியும். "ஆட்டோமேட்டிக்கிலும் எஞ்சின் பிரேக்கிங் பண்ணலாமே, மேனுவல் மோடு இருக்கே, சிலதில் எல் இருக்கே." இருக்கு. மறுக்கவில்லை. ஆனால் அதை யார் தொடுகிறார்கள்? இறக்கத்தில் கியர் குறைக்கணும் என்று தெரிந்தவன் கியர் வண்டி ஓட்டிப் பழகினவன். மேடு ஏறும்போது எந்தக் கியரோ இறக்கத்துக்கும் அதே கியர் என்று எங்க தாத்தா காலத்து லாரிக்காரர்கள் சொல்லிக் கொடுத்தது. கியரே தெரியாமல் வளர்ந்தவனுக்கு எம் என்பது டேஷ்போர்டில் ஒரு எழுத்து. சிங்கப்பூரில் ஆட்டோமேட்டிக்கில் மட்டும் தேர்வு எழுதினால் 3ஏ என்று தனி உரிமம், கியர் வண்டியைத் தொட முடியாது. இங்கிலாந்திலும் அப்படித்தான். நம்ம ஊரில் இருசக்கர வண்டிக்குத்தான் கியர் உள்ளது, இல்லாதது என்று பிரிவு. காருக்கு எல்.எம்.வி. ஒன்றுதான்.

எங்க ஆளுங்களும் யோக்கியம் இல்லை, அதையும் சொல்லிவிடறேன். இறக்கம் வந்தால் நியூட்ரலில் போட்டு, சிலபேர் எஞ்சினையும் ஆஃப் பண்ணி, பெட்ரோல் மிச்சம் என்று உருட்டிக்கிட்டு வருவாங்க. மகா முட்டாள்தனம். இப்ப வருகிற வண்டியில் கியரில் வைத்து ஆக்சிலேட்டரை விட்டால் பெட்ரோல் பாய்ச்சுவதையே எஞ்சின் நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால்தான் ஐடிலிங்குக்குக் குடிக்கும். எஞ்சினை ஆஃப் பண்ணினால் பிரேக்குக்கு உதவுகிற பூஸ்டரும் போகும், பவர் ஸ்டீயரிங்கும் போகும். மிச்சம் பிடிக்கிற பத்து ரூபாய்க்கு உயிரை அடகு வைக்கிறது. கியர் வண்டி வைத்திருந்தால் போதாது, கியரில் வைத்து இறக்கணும்.

சரி, அஞ்சு லட்ச வண்டியில் கிடைக்கிற ஆட்டோமேட்டிக் என்பது என்ன என்று பார்ப்போம். அதை ஏஎம்டி என்பார்கள். இந்தியாவில் மலிவான காரில் அதை முதலில் கொண்டுவந்தது 2014ல், மாருதி செலெரியோவில். உள்ளே இருப்பது அதே மேனுவல் கியர் பாக்ஸ். அதே கிளட்ச் பிளேட், அதே பிரஷர் பிளேட். உங்க இடது காலும் இடது கையும் செய்த வேலையை ஒரு சின்ன இயந்திரமும் ஒரு கம்ப்யூட்டரும் செய்யும். அவ்வளவுதான். டவுன் டிராஃபிக்கில் அது பெரிய உபகாரம், ஒத்துக்கறேன். மலையில் அதுக்கு ஒரு குறை. அது ரோட்டைப் பார்க்காது. கொண்டை ஊசி வளைவில் பாரத்தோடு ஏறும்போது நான் வளைவுக்கு முன்னாடியே ஒண்ணுக்கோ ரெண்டுக்கோ மாத்தி வைத்துக்குவேன். அது வளைவு பாதி போன பிறகு, வேகம் செத்த பிறகு, யோசித்து மாத்தும். மாத்துகிற அந்த ஒரு நொடி வண்டிக்கு இழுப்பு இருக்காது. பின்னால் லாரி வரும்போது அந்த ஒரு நொடி ரொம்ப நீளம்.

இதுக்குத்தான் கூடக் காசு. அதே மாடல், அதே வேரியன்ட், ஏஎம்டி வேணும் என்றால் ஏறக்குறைய 45,000 முதல் 60,000 வரைக்கும் கூடும். பல கம்பெனிகளில் அடிமட்ட வேரியன்ட்டில் ஏஎம்டியே கிடையாது. அதனால ஒரு படி மேலே இருக்கிற வேரியன்ட்டையும் சேர்த்து வாங்கணும். அதோடு முடிந்ததா? 2023 கடைசியில் தமிழ்நாட்டில் சாலை வரியை உயர்த்தினபோது 5 லட்சம் வரைக்கும் 12 சதவீதம், 5-லிருந்து 10 லட்சம் வரைக்கும் 13 என்று வைத்தார்கள். உதாரணத்துக்கு மேனுவல் 4,95,000 என்று வைத்துக்குங்க. வரி 59,400. ஏஎம்டி போட்டு 5,45,000 ஆனால் வரி 70,850. வண்டியில் அம்பதாயிரம், வரியில் 11,450. மொத்தம் 61,450. இதைக் கடனில் வாங்கினால், 10 சதவீத வட்டி, அஞ்சு வருசம், மாசம் ஆயிரத்து முந்நூறு ரூபாய். அறுபது மாசம். என் இடது காலுக்கு நான் கொடுக்கிற சம்பளம்! அது இத்தனை வருசமா சம்பளமே கேட்கலை.

இன்னொண்ணு. 2025 செப்டம்பர் 22-லிருந்து சின்னக் காருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம் ஆனது. அதுக்கு முன்னால் சின்ன பெட்ரோல் காருக்கு 28, மேலே செஸ் ஒண்ணு, ஆக 29. விலை இறங்கினது. எங்களை மாதிரி ஆட்கள் புது வண்டி என்று யோசிக்கவே அப்புறம்தான் தைரியம் வந்தது. இறங்கின காசு அப்படியே இருக்க விடமாட்டேன் என்கிறார்கள். "அதான் விலை குறைஞ்சிருக்கே சார், அப்படியே ஆட்டோமேட்டிக்குக்குப் போயிடுங்க."

இதைச் சொன்னது ஒரு ஷோரூம் பையன். எந்த ஊர், எந்தக் கம்பெனி என்று வேண்டாம், பாவம், அவனுக்கு டார்கெட் இருக்கும். நானும் என் பொண்ணும் போயிருந்தோம். யார் ஓட்டுவீங்க என்று கேட்டான். நானும் ஓட்டுவேன், இவளும் ஓட்டுவாள் என்றேன். "மேடம் ஓட்டறதா இருந்தா ஆட்டோமேட்டிக்தான் சார். லேடீஸுக்கு கியர் கஷ்டம்" என்றான்.

என் பொண்ணு டிராக்டரில் கலப்பை கட்டி உழுகிறவள். சரிவு நிலத்தில் ஓட்டுகிறவள். அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் ஒண்ணும் சொல்லவில்லை, "டெஸ்ட் டிரைவ் வண்டி சாவி குடுங்க" என்றாள். ஷோரூம் பின்னால் ஒரு மேடு. பாதி மேட்டில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, கிளட்சைப் பாதி விட்டு, ஒரு விரல் அளவு கூடப் பின்னால் போகாமல் எடுத்தாள். அந்தப் பையன் பக்கத்து சீட்டில். திரும்பி வந்ததும் கோட்டேஷன் மேனுவலுக்கே போட்டுக் கொடுத்தான். பெண்களுக்கு ஆட்டோமேட்டிக் என்கிற இந்தப் பேச்சைக் கிளப்பினது யார் என்று தெரியலை. டவுனில் நீங்க அதைக் கேட்டுக்கிட்டு சும்மா இருக்கிறீங்களே, அதுதான் எனக்கு ஆச்சரியம்.

யாருக்கு ஆட்டோமேட்டிக் வேணும் என்று நான் சொல்லிவிடறேன், அப்புறம் சண்டைக்கு வராதீங்க. கத்திப்பாராவில் தினம் ஒரு மணி நேரம் நின்று நின்று போகிறவர் வாங்கட்டும். சில்க் போர்டில் மாட்டிக்கிறவர் வாங்கட்டும், என் பையன் உள்பட. முழங்கால் தேஞ்சவர், இடது காலில் குறை உள்ளவர், அவங்களுக்கு அது வரம். பேட்டரி கார் வந்தால் கியர் பேச்சே கிடையாது. இறக்கத்தில் அது மோட்டாரை வைத்தே பிடிச்சு, போகிற சக்தியைத் திருப்பி பேட்டரியில் போட்டுக்கும். மலைக்கு அதைவிட நல்லது என்ன? விலை இறங்கி, இங்கே சார்ஜ் போட வசதியும் வரட்டும், நானே இந்தக் கட்டுரையைக் கிழிச்சுப் போடறேன். அதுவரைக்கும் நடுவில் இருக்கிற இந்தத் தொங்கலுக்கு எதுக்கு நான் காசு கொடுக்கணும்?

ரிப்பேர் பத்திப் பேசணும். கிளட்ச் தேஞ்சால் ஆலங்காயத்தில் எந்த மெக்கானிக்கும் மாத்துவான். சின்னக் காருக்கு ஏழெட்டாயிரத்தில் முடியும், காலையில் விட்டால் சாயங்காலம் வண்டி வந்துவிடும். கிளட்ச் சாகிறதுக்கு முன்னாடி மாசக்கணக்கில் சொல்லும். மேட்டில் எஞ்சின் சத்தம் ஏறும், வேகம் ஏறாது, கருகல் வாசம் வரும். ஏஎம்டியில் கிளட்சும் தேயும், கூடவே அந்தக் கியர் மாத்துகிற இயந்திரமும் சென்சாரும் இருக்கு. அது மக்கர் பண்ணினால் முன்னாடியே சொல்லாது. வண்டி நியூட்ரலில் நின்னு விளக்கு எரியும். கம்ப்யூட்டரைச் செருகிப் பார்க்கிற ஆள் மலையில் கிடையாது. லாரியில் ஏத்தி டவுனுக்கு அனுப்பணும்.

அப்புறம் பேட்டரி. மார்கழி, தை மாசத்தில் காவலூர் குளிர் என்ன என்று வந்து பார்த்தவங்களுக்குத் தெரியும். ஒரு மார்கழி விடியக்காலை, பக்கத்து வீட்டுக்காரர் பழைய வேன், உள்ளே காய்ச்சலில் நடுங்கிக்கிட்டு அவர் பேத்தி. சாவியைத் திருப்பினால் டக் டக் என்று சத்தம் மட்டும் வருது. நாலு பேர் சேர்ந்து தள்ளினோம். சாவியை ஆன் பண்ணி, ரெண்டாவது கியரில் போட்டு, கிளட்சை மிதிச்சுக்கிட்டு இருந்து, வண்டி உருண்டதும் விட்டார். ரெண்டு குலுக்கு, ஸ்டார்ட். மலையில் இறக்கத்துக்கா பஞ்சம். ஆட்டோமேட்டிக் வண்டியை இப்படித் தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாது. ஜம்ப்பர் கேபிளும் இன்னொரு வண்டியும் வேணும். விடியக்காலை நாலு மணிக்கு இன்னொரு வண்டிக்கு எங்கே போறது?

அப்ப எந்த வண்டி என்று கேட்பீங்க. நான் முன்பணம் கட்டினது எது என்று சொல்ல மாட்டேன், விளம்பரம் மாதிரி ஆயிடும். எப்படிப் பார்த்தேன் என்று சொல்றேன். ஆல்டோ கே10, எஸ்-பிரெஸ்ஸோ ரெண்டிலும் அதே 998 சிசி எஞ்சின்தான். க்விட் 999 சிசி. டியாகோ 1199 சிசி, பாரத்தோடு மேடு ஏற அது கொஞ்சம் தெம்பு. எங்க மண் ரோட்டுக்கு அடி உயரம் முக்கியம். எஸ்-பிரெஸ்ஸோ 180 மில்லிமீட்டர், க்விட் 184. பாதுகாப்பில் கஞ்சத்தனம் கூடாது. ஆல்டோ கே10 ரெண்டு ஏர்பேக்கோடு குளோபல் என்கேப் மோதல் சோதனையில் 2023ல் ரெண்டு நட்சத்திரம்தான் வாங்கினது. 2025ல் எல்லா வேரியன்ட்டிலும் ஆறு ஏர்பேக் போட்டுவிட்டார்கள். டியாகோ 2020ல், அன்னைக்கு இருந்த விதியில், நாலு நட்சத்திரம். பையன் போடறேன் என்ற அந்த அறுபதாயிரத்தை நான் செலவு பண்ணுவதாக இருந்தால் இங்கேதான் பண்ணுவேன். கூட ஏர்பேக் இருக்கிற வண்டி, நல்ல டயர், வருசா வருசம் ஒழுங்கா இன்ஷூரன்ஸ், ரெண்டு வருசத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயில் மாத்துகிறது.

ஓட்டிப் பார்க்கும்போது தனியாப் போகாதீங்க. நாலு பேரை ஏத்திக்கிட்டுப் போங்க. ஷோரூம்காரன் சமதரையில் ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போவான், அதில் எந்த வண்டியும் நல்ல வண்டிதான். மேட்டில் பாரத்தோடு நிறுத்தி எடுங்க. முன்சக்கரம் இழுக்கிற வண்டி, மேட்டில் பாரம் பின்னால் சாயும்போது சரளைக் கல்லில் சக்கரம் சுத்தும், அதைப் பழகிக்கணும். பழைய வண்டி வாங்குகிறவர்கள் ஒரு சோதனை பண்ணுங்க. ஹேண்ட் பிரேக்கை இழுத்துக் கட்டி, மூணாவது கியரில் போட்டு, கிளட்சை மெல்ல விடுங்க. எஞ்சின் உடனே செத்தால் கிளட்ச் நல்லா இருக்கு. சாகாமல் ஓடிக்கிட்டே இருந்தால் கிளட்ச் வழுக்குது, விலையில் எட்டாயிரம் குறைச்சுப் பேசுங்க.

டவுன் பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு கேள்வி. அப்பாவுக்கு எது வசதி என்று அப்பாவைக் கேட்டீங்களா? ஆட்டோமேட்டிக் கார் வாசலில் நின்றால் பையன் நல்லா இருக்கான் என்று ஊர் பேசும், அந்த ஆசை உங்களுக்கு இருக்கும். தப்பில்லை. அந்த ஆசைக்கு ஆகிற விலையை மலை இறக்கத்தில் நாங்க கட்டறோம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வந்து ரெண்டு நாள் ஓட்டிவிட்டுப் போகிற உங்க கைக்கு ஏத்த மாதிரி, மீதி முந்நூத்தி அறுபது நாளும் ஓட்டுகிற எங்க வண்டி இருக்கணுமா?

இதை எழுதிக்கிட்டு இருக்கும்போதே விஷயம் வேற மாதிரி ஆயிடுச்சு. நாலு நாளாகப் பேசாமல் இருந்தவன் நேத்து ராத்திரி தங்கச்சிக்குப் போன் பண்ணியிருக்கான். மேனுவலுக்குத்தான் முன்பணம் கட்டியாச்சு என்று அவள் சொல்லியிருக்கிறாள். கொஞ்ச நேரம் சத்தமே இல்லையாம். அப்புறம், "எனக்கு கியர் மறந்தே போச்சு. ஊருக்கு வந்தா ராத்திரி அப்பாவுக்கு ஏதாவது ஒண்ணுன்னா நான் எப்படி எடுத்துக்கிட்டுப் போவேன்? அதுக்குத்தான் சொன்னேன்" என்றானாம்.

எனக்கு இது தோணவே இல்லை. ஷோக்குக்குச் சொல்றான் என்றுதான் நினைச்சேன். மேலே எழுதினதில் ஒரு வரியையும் அதுக்காக மாத்தலை, சொன்னது சரிதான். ஆனால் போனில் அவன்கிட்ட இன்னும் கொஞ்சம் பொறுமையாப் பேசியிருக்கலாம்.

காலையில் நானே கூப்பிட்டேன். பொங்கலுக்கு ரெண்டு நாள் கூட லீவு போட்டுக்கிட்டு வா, அறுத்த சாமைக் காடு காலியாத்தான் கிடக்கும், அதில் ஓட்டிப் பழகிக்கோ, அப்புறம் ஆலங்காயம் வரைக்கும் நீதான் இறக்கணும், நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துக்கறேன் என்றேன். "தங்கச்சி சொல்லிக் குடுக்கட்டும்பா, நீ கத்துவே" என்றான்.